ரோமில் வீடு தூங்குவதற்கு மட்டும்

பண்டைய ரோம் என்றதும் சினிமா நம் கண்முன் நிறுத்துவது பளிங்குத் தூண், நடுமுற்றத்தில் நீர்த்தொட்டி, மெத்தையில் சாய்ந்தபடி திராட்சை தின்னும் பெரிய மனிதர்கள். அப்படி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள்தான். எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அந்த நகரத்தைப் பேட்டை பேட்டையாக எண்ணி எழுதிய பட்டியல் ஒன்று இன்றும் கிடைக்கிறது. தனி மாளிகைகள் சுமார் 1,800 என்கிறது அது. வாடகைக் குடியிருப்புகளோ 46,000க்கும் மேல். இந்த 46,000 முழுக் கட்டடங்களா, கட்டடத்துக்குள் இருந்த பகுதிகளா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. எப்படிக் கணக்குப் போட்டாலும், ரோம்வாசிகளில் மிகப் பெரும்பாலோர் மாடிப்படி ஏறிப்போய் ஓர் அறையிலோ இரண்டு அறையிலோ ஒண்டுக்குடித்தனம் நடத்தியவர்கள்.

அந்த அறையில் தண்ணீர் வராது. சமையலறை, குளியலறை, கழிப்பறை எதுவும் பெரும்பாலும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் ரோமானிய வாழ்க்கையில் பல விஷயங்கள் தானாகப் புரியும்: ஏன் அங்கே அத்தனை குளியல் மண்டபங்கள், ஏன் மூலைக்கு மூலை சாப்பாட்டுக்கடை, ஏன் அரசாங்கமே ஜனங்களுக்குக் கோதுமை அளந்தது. நாம் வீட்டுக்குள் செய்கிற வேலைகளில் முக்கால்வாசியை அவர்கள் தெருவில் செய்தார்கள். வீடு தூங்குவதற்கு.

அகஸ்டஸ் பேரரசர் காலத்தில் ரோமின் மக்கள்தொகை ஏறக்குறைய 10 லட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. எங்கே போனாலும் நடந்துதான் போக வேண்டும் என்ற ஊரில் யாரும் தள்ளிப்போய்க் குடியேற மாட்டார்கள். அதனால் நகரம் மேல்நோக்கி வளர்ந்தது. கட்டடம் 70 ரோமானிய அடிக்கு மேல் போகக்கூடாது என்று அகஸ்டஸ் சட்டம் போட்டார். அது ஏறத்தாழ 20 மீட்டர். பின்னால் வந்த டிராஜன் பேரரசர் அதை 60 அடியாகக் குறைத்தார். தரைத்தளத்தில் கடைகள். முதல் மாடியில் கொஞ்சம் வசதியானவர்கள். மேலே ஏற ஏற அறை சிறுக்கும், வாடகை இறங்கும், ஆபத்து கூடும். லிஃப்ட் வந்த பிறகு உச்சி மாடிக்கு மவுசு வந்தது. ரோமில் உச்சி மாடி ஏழைக்கு. கவிஞர் மார்ஷியல் தான் மூன்று மாடி ஏறிப் போக வேண்டிய வீட்டில் இருப்பதாகப் புலம்பியிருக்கிறார்.

இந்தக் கட்டடங்கள் இடிந்து விழுவது சகஜம். புலம்பியவர்கள் வாடகைக்காரர்கள் மட்டுமில்லை. சிசரோ நமக்குத் தத்துவவாதியாகவும் பேச்சாளராகவும் தெரிந்தவர். அவர் வீட்டுச் சொந்தக்காரரும்கூட. தன் கடைகளில் இரண்டு இடிந்துவிட்டன, மற்றவை விரிசல் விட்டிருக்கின்றன, வாடகைக்காரர்கள் மட்டுமல்ல எலிகளும் காலி செய்துகொண்டு போய்விட்டன என்று கி.மு. 44இல் நண்பர் அட்டிகஸுக்கு எழுதுகிறார். வருத்தமாக எழுதவில்லை, வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். திரும்பக் கட்டினால் லாபம் வரும் என்ற யோசனையும் அதே கடிதத்தில் இருக்கிறது. அவருடைய சமகாலத்தவரான பெரும் பணக்காரர் கிராஸஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். எங்கே தீப்பிடித்தாலும், எரிகிற வீட்டையும் பக்கத்து வீடுகளையும் பயந்துபோன சொந்தக்காரர்களிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போடுவாராம். ரோமின் பெரும்பகுதி அவர் கைக்கு வந்தது இப்படித்தான் என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளுட்டார்க் எழுதி வைத்திருக்கிறார்.

தீ என்பது அன்றாடப் பயம். குளிருக்குக் கரிச்சட்டி, வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு, உத்தரமும் தளமும் தட்டியும் மரம். கி.பி. 6இல் அகஸ்டஸ் 7 பிரிவுகள் கொண்ட இரவுக் காவல்படை ஒன்றை அமைத்தார். அதற்கு முதல் வேலை தீயணைப்பு. இந்தப் படைத் தலைவரின் கடமைகளைச் சொல்லும் சட்டப் பகுதியில் ஒரு வரி உண்டு: மாடி அறையில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் அறையில் தண்ணீர் வைத்திருக்க வேண்டும் என்று அவர் எச்சரிக்க வேண்டும். நான்காவது மாடிக்குக் குடம் சுமந்து போனவர்களுக்கு அந்த எச்சரிக்கை எப்படி இருந்திருக்கும்!

தண்ணீர் ஊருக்குள் தாராளமாகவே வந்தது. கி.மு. 312இல் தொடங்கி, மலை ஊற்றுகளிலிருந்து கால்வாய் மேல் கால்வாயாகக் கட்டி, 3ஆம் நூற்றாண்டுக்குள் 11 நெடுங்கால்வாய்கள் ஆகிவிட்டன. கி.மு. 19இல் அகஸ்டஸின் வலக்கையான அக்ரிப்பா கட்டிய ‘விர்கோ’ கால்வாயின் வழியில்தான் இன்றைக்கும் சுற்றுலாக்காரர்கள் காசு வீசுகிற திரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் வருகிறது. ஆனால் தனி வீட்டுக்குக் குழாய் இழுக்கப் பேரரசரின் அனுமதி வேண்டும். மற்றவர்கள் தெரு நீரூற்றில்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். எரிமலைச் சாம்பலில் புதைந்து அப்படியே கிடைத்த பொம்பே நகரில் அந்த நீரூற்றுத் தொட்டிகளை இன்றும் பார்க்கலாம். குனிந்து குடிப்பவர்கள் ஒரு கையை ஊன்றி ஊன்றி, கல்லின் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீர் திருடியவர்களும் உண்டு. கி.பி. 97இல் தண்ணீர்த் துறைக்குப் பொறுப்பேற்ற ஃபிரான்டினஸ், தன் துறை ஊழியர்களே காசு வாங்கிக்கொண்டு திருட்டுக் குழாய் போட்டுக் கொடுத்ததை விலாவாரியாக எழுதியிருக்கிறார். அவர் புத்தகத்தில் நிறையப் பக்கங்கள் குழாய் அளவுக் கணக்குதான். ஆனாலும் ஒரு நேர்மையான அதிகாரியின் கோபம் வரிக்கு வரி தெரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ரோமின் ஏழைக்குச் சாப்பாடு என்றால் கோதுமை. கி.மு. 123இல் அரசியல்வாதி கையஸ் கிராக்கஸ் குறைந்த விலையில் கோதுமை கிடைக்கச் சட்டம் கொண்டுவந்தார். கி.மு. 58இல் குளோடியஸ் என்ற இன்னோர் அரசியல்வாதி அதை முழு இலவசமாக்கினார். வாங்குவோர் எண்ணிக்கை 3,20,000 வரை போய், ஜூலியஸ் சீசர் அதை 1,50,000ஆகக் குறைத்து, அகஸ்டஸ் காலத்தில் 2,00,000 அளவில் நின்றது. மாதத்துக்கு ஓர் ஆளுக்கு 5 மோடியஸ், அதாவது 33 கிலோ அளவு. ஏழைகளுக்கான திட்டம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. ரோமில் குடியிருக்கும் ஆண் குடிமகன் என்பதுதான் தகுதி. வெளியூர்க்காரனும் அடிமையும் எவ்வளவு பசித்தாலும் பட்டியலில் இல்லை, பெண்களும் இல்லை.

கோதுமை எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தது. கப்பல் தாமதித்தால் ஆட்சி ஆடும். கி.பி. 51ஐ ஒட்டிய ஒரு தட்டுப்பாட்டின்போது கிளாடியஸ் பேரரசரை நடு மன்றத்தில் ஜனங்கள் சூழ்ந்துகொண்டு திட்டி, காய்ந்த ரொட்டித் துண்டுகளால் அடித்தார்கள். அவர் அரண்மனையின் பின்வாசல் வழியாகத் தப்பினார். பிறகு, குளிர்காலத்தில் கப்பல் ஓட்டும் வியாபாரிகளுக்குப் புயலில் நஷ்டம் வந்தால் தானே ஈடுகட்டுவதாக அறிவித்தார்.

33 கிலோ கோதுமையை ஒற்றை அறையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அரைக்க இடமில்லை, சுட அடுப்பில்லை. எனவே ரொட்டிக்கடைக்காரர் ஊரில் பெரிய புள்ளி ஆனார். ரோமின் போர்த்தா மஜ்ஜோரே வாசலருகே யூரிசாசெஸ் என்பவரின் கல்லறை நிற்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டுக்காரர், அரசாங்கத்துக்கு ஒப்பந்தத்தில் ரொட்டி தந்தவர். கல்லறையின் மேல்பகுதியில் தானியம் அரைப்பது, சலிப்பது, மாவு பிசைவது, அடுப்பில் வைப்பது, எடை போடுவது என்று தன் பட்டறையையே சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார். வீரனுக்கு வாள்போல அவருக்கு ரொட்டி. மேட்டுக்குடியினர் முகம் சுளித்திருப்பார்கள். எனக்கு ரோமில் மிகவும் பிடித்த கல்லறை இதுதான்.

அந்தப் பட்டறைகளின் உள்பக்கம் வேறு மாதிரி. பொம்பேயில் 2023இல் வெளிப்பட்ட ஒரு ரொட்டிப் பட்டறையில் ஜன்னல்கள் சிறியவை, உயரத்தில் இருப்பவை, இரும்புக் கம்பி போட்டவை. அங்கிருந்து தெருவுக்கு வழியில்லை; ஒரே வாசல், அதுவும் எஜமானர் வீட்டுக்குள் திறக்கிறது. திரிகைக் கல்லைச் சுற்றிலும் தரையில் அரைவட்டப் பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள். கண்ணைக் கட்டிச் சுற்றவிட்ட கழுதையும், அதோடு சேர்ந்து தள்ளிய அடிமையும் கால் வழுக்காமல், தடம் மாறாமல் நடப்பதற்காக.

சூடான சாப்பாட்டுக்குத் தெருமுனைக் கடை. பொம்பேயில் இந்தக் கடைகள் ஏராளம். தெருவைப் பார்த்த மேடை, அதில் பதித்த பெரிய பானைகள். 2020 டிசம்பரில் முழுதாக வெளிப்பட்ட ஒரு கடையின் பானைகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சங்கள் கிடைத்தன. மேடையின் முன்பக்கம் தலைகீழாகத் தொங்கும் இரண்டு வாத்துகளை வரைந்திருந்தார்கள். இன்றைய கடை முகப்புப் படத்துக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எதுவும் அன்று ஐரோப்பாவில் கிடையாது. ருசிக்கு இருந்தது ‘காரும்’ என்ற மீன் சாறு. மீனையும் குடலையும் உப்புப் போட்டு வெயிலில் மாதக்கணக்கில் ஊற வைத்து வடித்தது. நாற்றம் தாங்காது, ஆனால் இல்லாமல் சாப்பாடும் இறங்காது.

உறைப்புக்கு மிளகு. அது வந்தது சேரர் கரையிலிருந்து. முசிறித் துறையில் ஏற்றிய சரக்கு செங்கடல் வழியாக அலெக்சாந்திரியா போய் ரோம் சேர்ந்தது. டொமிஷியன் பேரரசர் ரோமின் நடுவிலேயே மிளகுக்கென்று கிடங்குகள் கட்டினார். கறுப்பு மிளகு ஒரு ராத்தல் 4 டினாரியஸ் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி விலை சொல்கிறார். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சுகிறது என்று வயிறெரிந்தவரும் அவரே. பிரிட்டனின் வட எல்லையில் வின்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்கு ஒன்றில் சாதாரணப் படைவீரர் ஒருவர் மிளகு வாங்கியது பதிவாகியிருக்கிறது. நம் மலைச்சரிவில் விளைந்தது ஸ்காட்லாந்து எல்லைவரை போயிருக்கிறது.

இந்தச் சாப்பாட்டுக்கடைகளை அரசு சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஜனங்கள் கூடினால் பேசுவார்கள், பேசினால் கலகம் வரும் என்ற கவலை. பருப்பும் காய்கறியும் தவிரச் சமைத்த பொருள் எதையும் விற்கக் கூடாது என்று நீரோ பேரரசர் தடை போட்டார். நீரோ தன் விருந்துகளை நடுப்பகலில் தொடங்கி நள்ளிரவு வரை நடத்தியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

கடைகளில் பெண்கள் நிறைய வேலை செய்தார்கள். பொம்பேயில் அசெலினா என்ற பெண்ணின் கடையோடு தொடர்புடைய பெண்கள் உள்ளூர்த் தேர்தலில் இன்னாரை ஆதரியுங்கள் என்று சுவரில் எழுதி வைத்தார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. ஓட்டு இல்லாதவர்கள் ஓட்டுக் கேட்ட அந்தச் சுவர் எழுத்து, எரிமலைச் சாம்பலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

சாப்பாடு தெருவில் என்றால் பணம்? சொந்தத் தொழில் இல்லாத, ஆனால் கௌரவமாக வாழ விரும்பிய சுதந்திரக் குடிமகனுக்கு ஒரு பெரிய மனிதரின் நிழல் வேண்டும். விடியற்காலையில் எழுந்து, கனத்த கம்பளி டோகாவைச் சுற்றிக்கொண்டு, அவர் வீட்டு வாசலில் போய் நின்று கும்பிடு போட வேண்டும். வழக்கு, கடன், சிபாரிசு எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். பதிலுக்கு, அவர் வெளியே போகும்போது கூட்டமாகப் பின்னால் நடக்க வேண்டும், தேர்தலில் அவருக்காகக் கத்த வேண்டும். வந்து நின்றதற்கு அன்றாடப் படி உண்டு. மார்ஷியல் காலத்தில் அது 100 குவாட்ரன்ஸ். அன்றைய நாணயங்களிலேயே சிறியது அது.

ஆக, மாளிகைக்காரரின் வீடும் முழுக்க அவருடையதில்லை. முன்கூடத்துக்கும் முற்றத்துக்கும் யார் வேண்டுமானாலும் அழைக்காமலே வரலாம் என்று கட்டடக்கலை நூல் எழுதிய விட்ருவியஸ் சொல்கிறார். சாதாரண மனிதருக்குப் பெரிய முன்கூடம் தேவையில்லை, அவர்கள் பிறரைப் பார்க்கப் போகிறவர்கள், அவர்களைப் பார்க்க யாரும் வருவதில்லை என்று அவரே ஒரு போடும் போடுகிறார்.

மதியத்தோடு வேலை முடியும். சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை 12 பங்காகப் பிரித்ததுதான் அவர்களுடைய மணிநேரம். அதனால் கோடையில் ஒரு மணிநேரம் நம் கணக்கில் 75 நிமிடம், குளிர்காலத்தில் 45 நிமிடம். மதியத்துக்குப் பிறகு எல்லோரும் போன இடம் ஒன்றுதான்: குளியல் மண்டபம்.

மேலே சொன்ன 4ஆம் நூற்றாண்டுப் பட்டியலில் சிறு குளியல் நிலையங்கள் மட்டும் 800க்கு மேல். பேரரசர்கள் கட்டிய பிரமாண்டமானவை தனி. நுழைவுக் கட்டணம் பல இடங்களில் ஒரு குவாட்ரன்ஸ்தான். மாளிகை வாசலில் ஒருநாள் நின்று வாங்கிய படியில் 100 முறை குளிக்கலாம். போர்ச்சுகலில் ஒரு சுரங்க ஊரின் விதிப்பலகை கிடைத்திருக்கிறது. அங்கே காலையில் பெண்கள், பிற்பகலிலிருந்து இரவு வரை ஆண்கள். கட்டணம் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்கு. ஏன் என்று பலகை சொல்லவில்லை.

உடை மாற்றும் அறை, வெதுவெதுப்பான அறை, சூட்டு அறை, கடைசியில் குளிர்ந்த நீர்த்தொட்டி. தரைக்கு அடியில் சிறு தூண்கள் எழுப்பி, அந்த இடைவெளியில் உலையின் வெப்பக்காற்றை ஓடவிட்டார்கள். தரை சுடும், சுவரும் சுடும். சோப்பு இல்லை. உடம்பு முழுக்க ஆலிவ் எண்ணெய் பூசி, வியர்க்க விட்டு, வளைந்த உலோகத் தகட்டால் எண்ணெயையும் அழுக்கையும் சேர்த்து வழிப்பார்கள். எண்ணெய்க் குளியலின் சுகம் தெரிந்த நமக்கு அவர்களைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. அதே தொட்டியில் நோயாளிகளும் குளித்தார்கள் என்பதையும், தண்ணீரை எத்தனை நாளைக்கொரு முறை மாற்றினார்கள் என்ற கேள்வியையும் மட்டும் தள்ளி வைத்துவிட வேண்டும்.

தத்துவஞானி செனெகா ஒருமுறை குளியல் நிலையத்துக்கு மேலேயே குடியிருந்தார். அங்கே கேட்ட சத்தங்களை ஒரு கடிதத்தில் அடுக்குகிறார்: எடை தூக்குகிறவர்களின் முக்கல், முதுகில் விழும் தட்டு, தொட்டியில் குதிக்கிறவர்களின் தொப்பென்ற சத்தம், குளிக்கும்போது பாடுகிறவர், பலகாரம் விற்பவர், தொத்திறைச்சி விற்பவர். அக்குள் முடி பிடுங்குகிறவர் ஆள் சேர்க்கக் கூவிக்கொண்டே இருப்பாராம். ஆள் கிடைத்ததும் அவர் நிறுத்திவிடுவார், பிடுங்கப்படுகிறவர் கத்தத் தொடங்குவார்.

ஹேட்ரியன் பேரரசரைப் பற்றி ஒரு கதை உண்டு. பொதுக் குளியலில் ஒரு பழைய படைவீரர் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துவிட அடிமை இல்லை என்றதும், ஹேட்ரியன் அவருக்கு அடிமைகளையும் அவர்களைப் பராமரிக்கப் பணமும் கொடுத்தார். மறுமுறை வந்தால் கிழவர் கூட்டமே சுவரில் தேய்த்துக்கொண்டு நிற்கிறது. ஒருவர் முதுகை மற்றவர் தேயுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இது பிற்காலத்து நூல் சொல்வது. நடந்ததோ இல்லையோ, கதை கட்டியவர்களுக்கு அந்த மண்டபம் தெரிந்திருக்கிறது.

அவிழ்த்து வைத்த துணி திருட்டுப் போவது பெரிய தொல்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் திருட்டுக் கொடுத்தவர்கள் சூலிஸ் தெய்வத்துக்கு எழுதிப் போட்ட சாபங்கள். என் மேலங்கியை எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவனோ, அதைத் திருப்பித் தரும்வரை அவனுக்குத் தூக்கம் வரக்கூடாது என்கிற பாணியில் போகும். வக்கீல் நோட்டீஸ்போல எந்த ஓட்டையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

பொதுக் கழிப்பறையும் இதே கதைதான். நீண்ட கல் பலகையில் வரிசையாகத் துளைகள், நடுவில் தடுப்பு இல்லை, கீழே தண்ணீர் ஓடும். மற்ற அவசரங்களுக்குச் சலவைப் பட்டறைகளுக்கு வெளியே ஜாடிகள் இருந்தன. சிறுநீரை ஊற வைத்துத்தான் துணி வெளுத்தார்கள். வெஸ்பாசியன் பேரரசர் அதற்கும் வரி போட்டார்.

அடிமைகளைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதித் தள்ளிவிடலாம்தான். ஆனால் இதுவரை சொன்ன ஒவ்வொன்றிலும் அவர்கள் இருக்கிறார்கள். குளியல் உலைக்கு விறகு தள்ளியவர்கள், திரிகை சுற்றியவர்கள், முதுகு தேய்த்தவர்கள், தண்ணீர்த் துறையில் குழாய் பதித்தவர்கள், சிசரோவின் கடிதங்களை எழுதியும் பாதுகாத்தும் வந்த டிரோ. டிரோ விடுதலை பெற்று மார்க்கஸ் டுல்லியஸ் டிரோ ஆனார். விடுதலையானவர் எஜமானரின் பெயரைத் தாங்குவதும், ரோமானியக் குடிமகன் ஆவதும் வழக்கம். அது ஒரு பக்கம். கி.பி. 61இல் நகர ஆளுநர் பெடானியஸ் செக்குண்டஸை அவருடைய அடிமை ஒருவன் கொன்றான். பழைய வழக்கப்படி அந்த வீட்டிலிருந்த சுமார் 400 அடிமைகளும் கொல்லப்பட வேண்டும். தெருவில் ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். செனட் விவாதித்தது, தண்டனையை உறுதி செய்தது. நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தி அதை நிறைவேற்றினார்.

இருட்டிய பிறகு தெருவில் விளக்கு கிடையாது. பகலில் பெரும்பாலான வண்டிகள் ஊருக்குள் வரக்கூடாது என்று சீசர் காலத்துச் சட்டம் சொன்னதால், சரக்கு வண்டிகள் இரவெல்லாம் கல் பாவிய தெருவில் கடகடத்தன. ரோமில் தூங்கக் காசு வேண்டும் என்று கவிஞர் ஜுவெனல் எரிச்சல்பட்டார். இரவில் நடப்பவனுக்கு மாடி ஜன்னலும் ஆபத்து. கழிவு நீரைச் சுமந்து கீழே இறங்க அலுத்தவர்கள் அப்படியே கொட்டினார்கள், சில சமயம் சட்டியோடு.

இதற்கு ரோமானியச் சட்டத்தில் தனித் தலைப்பே இருக்கிறது. ஜனங்கள் நடமாடும் இடத்தில் மேலிருந்து எதையாவது கொட்டியோ எறிந்தோ சேதம் செய்தால், அங்கே குடியிருப்பவர் இரண்டு மடங்கு நஷ்டஈடு தர வேண்டும். ஒரே அறையில் பலர் குடியிருந்து, எறிந்தது யார் என்று தெரியாவிட்டால்? ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு என்றார் சட்டநிபுணர் உல்பியன். சுதந்திரமான ஒருவர் செத்தால் 50 பொற்காசு. காயம்பட்டால் வைத்தியச் செலவும் இழந்த கூலியும் கணக்கில் வரும்; தழும்புக்கு எதுவும் கிடையாது, ஏனென்றால் சுதந்திரமான உடம்புக்கு விலை மதிக்க முடியாது. செத்தது அடிமை என்றால் நீதிபதிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவனுடைய விலையை விசாரித்து, இரண்டால் பெருக்கி, எஜமானருக்குக் கொடுக்கச் சொல்லலாம்.